கரையும் ஸ்டென்ட்: காக்காவுக்கு வைத்தது எனக்கும் வேண்டுமா?

கேள்வி: அக்கரைப்பற்றில் லேத் வேலைத்தளம் வைத்திருக்கிறேன். வயது 54. சீனி வருத்தம் ஒன்பது வருடமாக இருக்கிறது. மூன்று மாதமாகப் பாரம் தூக்கினால், படி ஏறினால் நெஞ்சு இறுக்குகிறது; நின்றால் விட்டுவிடும். அஞ்சியோகிராம் ரிப்போட்டில் இருதயத்துக்கு இரத்தம் கொண்டுபோகும் முக்கிய குழாயான எல்.ஏ.டி.யின் நடுப்பகுதியில் 80 சதவீத அடைப்பு, கல்சியம் படிவு உண்டு, குழாயின் அகலம் ஏறக்குறைய 3 மில்லிமீற்றர் என்று எழுதியிருக்கிறார்கள். ஸ்டென்ட் (குழாயை விரித்துத் தாங்கும் வலைக் குழல்) வைக்க நாளும் தந்துவிட்டார்கள். என் காக்காவுக்கு (மூத்த சகோதரர்) 2015இல் சென்னையில் கரைந்துபோகும் ஸ்டென்ட் வைத்தார்கள். பலூனை மெதுமெதுவாக ஊதினார்கள், பல தரம் ஊதினார்கள் என்று அவர் சொல்வார். இரும்பு கடைசிவரை உடம்புக்குள் கிடப்பதைவிடக் கரைவது நல்லதில்லையா? அதை நான் கேட்டு வாங்கலாமா? காக்காவுக்கு வைத்தது இப்போது உள்ளே இருக்குமா? நோன்பு வருகிறது, குளிசைகளை எப்படி எடுப்பது?

பதில்: அன்புச் சகோதரருக்கு,

முதல் கேள்விக்கு நேரடியாகவே பதில் சொல்கிறேன். கரையும் ஸ்டென்டைக் கேட்டு வாங்க வேண்டாம். கல்சியம் படிந்த உங்கள் குழாய்க்கு மருந்து பூசிய உலோக ஸ்டென்ட்தான் பொருத்தம். அது இரும்பும் அல்ல. பெரும்பாலும் கோபால்ட்-குரோமியம் கலந்த உலோகம். உங்கள் காக்கா கவனித்துச் சொன்ன பலூன் விசயம்தான் இதில் முக்கியமானது. எந்த ஸ்டென்ட் என்று கேட்பதைவிட, வைப்பதற்கு முன்னும் பின்னும் பலூன் வேலை எப்படி நடக்கப்போகிறது என்று கேளுங்கள். நீங்கள் மில்லிமீற்றரோடு பழகிய ஆள் என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

கரையும் ஸ்டென்டின் எண்ணம் நல்ல எண்ணம். பலூனால் விரித்த குழாய் திரும்பச் சுருங்கப் பார்க்கும். காயம் ஆறும்வரை, ஏறத்தாழ ஆறு மாதத்துக்கு, அதற்கு ஒரு முட்டு வேண்டும். அதற்குப் பிறகு முட்டு தேவையில்லை, ஆனால் உலோகம் அங்கேயே கிடக்கிறது. குழாய் தன் இயல்பில் விரிந்து சுருங்க முடியாது. ஸ்டென்ட் வைத்த இடத்தில் முதல் வருடத்துக்குப் பிறகும் ஆண்டுக்குச் சுமார் 2 சதவீதம் பேருக்குப் பிரச்சினை வருகிறது. முட்டுக் கொடுத்துவிட்டுக் கரைந்துபோனால் இந்தத் தொல்லையும் போய்விடும் என்று வைத்தியர்கள் நம்பியதில் தவறில்லை.

மனிதருக்கு இதை முதலில் செய்தது ஜப்பானில், 1998இல், ஹிடியோ தமாய் என்ற வைத்தியர். உங்கள் தொழிலுக்கு அந்த முறை பிடிக்கும். அந்த பொலிமர் சூட்டில் விரியும் தன்மை கொண்டது. ஆகவே பலூனுக்குள் 80 பாகை செல்சியஸ் வரை சூடாக்கிய, எக்ஸ்ரேயில் தெரியும் மருந்தை ஏற்றி விரித்தார்கள். வேலை செய்தது, ஆனால் சூடு குழாய்ச் சுவருக்கு ஆகாது என்ற பயம் விடவில்லை. பிறகு வந்ததுதான் அப்சோர்ப். 2006இல் மனிதரில் தொடங்கியது. காக்காவுக்கு 2015இல் வைத்தது பெரும்பாலும் இதுவாகத்தான் இருக்கும். அமெரிக்காவில் 2016 ஜூலையில் அனுமதி கிடைத்தது, 2017 செப்டெம்பரில் கம்பனியே விற்பனையை நிறுத்திவிட்டது.

ஏன் நிறுத்தினார்கள்? உங்கள் மைக்ரோமீற்றரை எடுத்துப் பாருங்கள். இன்றைய உலோக ஸ்டென்டின் கம்பி 0.06 முதல் 0.08 மில்லிமீற்றர் வரை. அப்சோர்ப் செய்யப்பட்டது பொலி-லக்டிக் அமிலம் என்ற பிளாஸ்டிக்கில். கரையும் தையல் நூலுக்கு உறவுக்காரப் பொருள். உலோகத்தின் பலம் அதற்கு இல்லை. அதே தாங்கும் வலிமை வரவேண்டுமானால் தடிப்பைக் கூட்டவேண்டும். அப்படிக் கூட்டியதில் 0.15 மில்லிமீற்றருக்குக் கொண்டுபோனார்கள். 3 மில்லிமீற்றர் குழாய்க்குள் இரு பக்கமும் 0.15 என்றால், கம்பி சுவரில் பதியாத இடத்தில் இரத்த ஓட்டத்தை அது நன்றாகவே மறிக்கும். கம்பிக்குப் பின்னால் இரத்தம் சுழன்று தேங்கும், தேங்கிய இடத்தில் கட்டி பிடிக்கும். 2.25 மில்லிமீற்றருக்குக் குறைந்த குழாய்களில் வைத்தவர்களுக்குத்தான் கட்டி பிடிப்பது மிகக் கூடுதலாக இருந்தது.

2,008 நோயாளிகளில் அப்சோர்பையும் உலோக ஸ்டென்டையும் ஒப்பிட்ட அப்சோர்ப்-3 ஆய்வில், மூன்று வருடத்துக்குள் ஸ்டென்டில் கட்டி பிடித்தது அப்சோர்பில் 2.3 சதவீதம், உலோகத்தில் 0.7 சதவீதம். சிறிய எண்ணாகத் தெரியலாம். ஆனால் ஸ்டென்டுக்குள் கட்டி பிடிப்பது என்பது திடீர் மாரடைப்பு. கரையத் தொடங்கும் காலத்தில், சுவரோடு ஒட்டாத துண்டு கழன்று ஓட்டத்துக்குள் தலை நீட்டியதும் ஒரு காரணம். 2018இல் ஐரோப்பிய இருதய வைத்தியர் சங்கத்தின் வழிகாட்டி, ஆய்வுக்கு வெளியே இவற்றைப் பாவிக்கவேண்டாம் என்று எழுதியது.

அந்தத் தோல்வியைத் தோண்டிப் பார்த்தபோதுதான் பலூன் வேலையின் அருமை எல்லோருக்கும் விளங்கியது. பல இடங்களில் வைத்தியர்கள் உலோக ஸ்டென்டுக்குப் பழகிய கையோடு அப்சோர்பையும் வைத்துவிட்டார்கள். ஸ்டென்ட் வைக்குமுன் பலூனால் விரிக்கும் முன் விரிப்புப் போதாது, அளவு பிழை, வைத்தபின் விரிக்கும் பின் விரிப்பே இல்லை. இந்த மூன்றையும் ஒழுங்காகச் செய்த இடங்களில் பலன் நன்றாக இருந்தது. அந்த ஒழுங்கு உலோக ஸ்டென்டுக்கும் அப்படியே பொருந்தும். உங்களுக்கு நடக்கப்போவதும் அதுதான்.

மணிக்கட்டு நாடியில் 2 மில்லிமீற்றர் அளவான குழல் ஒன்றை வைப்பார்கள். இரத்தம் உறையாமல் ஹெப்பரின் ஊசி. அதன் வழியே 0.014 அங்குல வயர், அதாவது 0.36 மில்லிமீற்றர், அடைப்பைத் தாண்டி இறங்கும். பலூன் அந்த வயரில் ஓடும். பலூனை ஊதுவது காற்றால் அல்ல. எக்ஸ்ரேயில் தெரியும் மருந்தையும் சேலைனையும் பாதிக்குப் பாதி கலந்து, அழுத்தமானி பூட்டிய சிரிஞ்சியால் ஏற்றுவார்கள். அதற்கு முன் பலூனுக்குள் இருக்கும் காற்றை முழுக்க உறிஞ்சி எடுக்கவேண்டும். பலூன் வெடித்தால் திரவம் இரத்தத்தோடு போய்விடும், காற்று போனால் குழாயை அடைக்கும்.

அழுத்தத்தை வைத்தியர்கள் அட்மோஸ்பியரில் சொல்வார்கள். கார் டயருக்கு 30 இறாத்தல் காற்று அடித்தால் அது 2 அட்மோஸ்பியர். ஸ்டென்டைப் பதிக்கும் பலூனுக்கு 16 அட்மோஸ்பியருக்கு மேலும் போகும், அதாவது 235 இறாத்தல். பலூன் இரண்டு வகை. ஒன்று அழுத்தம் கூடக் கூட இழுபட்டுப் பெரிதாகும், செமி-கொம்ப்ளையன்ட் என்பார்கள். மற்றது 3 மில்லிமீற்றர் என்றால் அழுத்தம் கூட்டினாலும் ஏறக்குறைய அதே அளவில் நிற்கும், அது நொன்-கொம்ப்ளையன்ட். இறுகிய அடைப்பில் இழுபடும் பலூனைப் போட்டால், நடுவில் விரியாமல் இரு முனையிலும் நாய் கடிக்கும் எலும்புபோல் வீங்கும். சுகமான சுவரைக் கிழிப்பது அந்த முனைகள்தான். ஆகவே முன் விரிப்புக்கு, குழாயின் அகலத்துக்கு ஒன்றுக்கொன்று சமமான நொன்-கொம்ப்ளையன்ட் பலூன் நல்லது. உங்கள் குழாய் 3.0 என்றால் பலூனும் 3.0. ஊதும்போது எக்ஸ்ரே திரையில் பலூனின் நடுவில் இடுப்பு விழுந்ததுபோல் ஒரு சுருக்கம் தெரியும். அந்த இடுப்பு மறையும்வரை ஸ்டென்டைத் திறக்கவே கூடாது. நான் இதில் பிடிவாதமாக இருப்பேன்: இடுப்பு விழுந்த குழாயில் வைத்த ஸ்டென்ட் இடுப்பு விழுந்தபடியே நிற்கும், பிறகு எந்த மருந்தாலும் அதைச் சரிசெய்ய முடியாது.

அளவெடுக்கும் முன் குழாய்க்குள் 100 முதல் 200 மைக்ரோகிராம் நைற்றோகிளிசரின் கொடுக்கவேண்டும். கொடுக்காவிட்டால் குழாய் இறுகி நிற்கும், 3 மில்லிமீற்றர் குழாயை 2.5 என்று கண் சொல்லும். அந்த அளவுக்கு ஸ்டென்ட் வைத்தால் பிறகு குழாய் தளர்ந்ததும் ஸ்டென்ட் சுவரை விட்டு விலகி மிதக்கும். ஸ்டென்டின் நீளம், முன் விரிப்புப் பலூன் பட்ட இடம் முழுவதையும் மூடவேண்டும். மூடாமல் விட்ட ஓரத்தில்தான் பிறகு அடைப்புத் திரும்பி வரும்.

இனிக் காக்கா சொன்ன மெதுவான ஊதல். பிளாஸ்டிக்கை வெடுக்கென்று இழுத்தால் முறியும், பொறுத்து இழுத்தால் நீளும். அப்சோர்பை 5 செக்கனுக்கு 2 அட்மோஸ்பியர் வீதம் ஏற்றி, இலக்கை எட்டியதும் 30 செக்கன் பிடித்து வைப்பார்கள். அந்த முப்பது செக்கனும் எல்.ஏ.டி.யில் இரத்தம் ஓடாது. அவருக்கு நெஞ்சு இறுக்கியிருக்கும். அதனால்தான் அவருக்கு அது நீண்ட நேரமாக மனதில் நிற்கிறது. உங்களுக்கும் பலூன் ஊதும்போது அந்த இறுக்கம் வரலாம். பயப்படவேண்டாம், ஆனால் மறைக்கவும் வேண்டாம்; பலூன் இறங்கியபிறகும் வலி போகவில்லை என்றால் உடனே வாய் திறந்து சொல்லுங்கள். பக்கக் கிளை மூடியிருக்கலாம், சுவர் உரிந்திருக்கலாம்.

பிறகு பின் விரிப்பு. ஸ்டென்டைவிட நீளம் குறைந்த நொன்-கொம்ப்ளையன்ட் பலூனை ஸ்டென்டின் இரண்டு ஓரத்துக்கும் உள்ளேயே வைத்து உயர் அழுத்தத்தில் பதிப்பார்கள். கரையும் ஸ்டென்டில் இங்கே ஒரு கடும் எல்லை இருந்தது: அதன் அளவைவிட 0.5 மில்லிமீற்றருக்கு மேல் விரிக்கக்கூடாது. 3.0 என்றால் 3.5தான் முடிவு. மீறினால் கம்பி உடையும். உடைந்ததும் கண்ணுக்குத் தெரியாது, ஏனென்றால் அந்த பிளாஸ்டிக் எக்ஸ்ரேயில் விழாது. இரு முனையிலும் பதித்த பிளாட்டினம் மணிகள் மட்டும்தான் தெரியும். உலோக ஸ்டென்டில் இந்த இடம் கொஞ்சம் தாராளம். அதனால் கல்சியம் உள்ள உங்களைப் போன்றவருக்கு அதுவே பாதுகாப்பு.

கல்சியத்தைப் பற்றி இன்னும் சொல்லவேண்டும், ஏனென்றால் உங்கள் ரிப்போட்டில் எனக்குக் கவலை தரும் சொல் அது ஒன்றுதான். குழாய்க்குள் இறக்கும் நுண்ணிய கமெராவால், ஓ.சி.டி. என்பார்கள், பார்த்தால் கல்சியம் பாதிச் சுற்றுக்கு மேல் வளைந்திருக்கிறதா, 0.5 மில்லிமீற்றருக்கு மேல் தடிப்பா, 5 மில்லிமீற்றருக்கு மேல் நீளமா என்று தெரியும். மூன்றும் ஒன்றாக இருந்தால் வெறும் பலூனுக்கு அது அசையாது. அழுத்தத்தைக் கூட்டிக்கொண்டே போனால் கல்சியம் இல்லாத பக்கம் கிழிந்து குழாய் துளைபடலாம். அங்கே வேறு வழிகள் உண்டு. பலூனின் மேல் கம்பியோ சிறிய கத்தியோ பதித்து கல்சியத்தில் கீறல் போடும் வகை ஒன்று. வைரத்தூள் பதித்த முனையை நிமிடத்துக்கு 1,40,000 முதல் 1,80,000 சுற்று வரை சுழற்றி அரைக்கும் ரொட்டாபிளேட்டர் இன்னொன்று. கடினமானதை அரைக்கும், இழுபடும் மென்மையான சுவரை விட்டுவிடும். மூன்றாவது, ஒலி அதிர்வு கொடுக்கும் பலூன். அதை வெறும் 4 அட்மோஸ்பியருக்கு ஊதி, பத்துப் பத்தாக அதிர்வு கொடுத்தால், சிறுநீரகக் கல்லை உடைப்பதுபோல் கல்சியம் உள்ளேயே வெடிக்கும். இவற்றில் எது இருக்கிறது, தேவைப்பட்டால் எங்கே அனுப்புவார்கள் என்று உங்கள் வைத்தியரிடம் முன்கூட்டியே கேளுங்கள். அன்றைக்கு மேசையில் படுத்தபிறகு கேட்கும் கேள்வி அல்ல அது. படத்தை நான் பார்க்கவில்லை; கல்சியம் சிறிதளவாக இருந்து 3.0 பலூனே போதும் என்றும் ஆகலாம்.

எல்லாம் முடிந்தபிறகு உள்ளே பார்த்து அளந்தால் நல்லது. ஓ.சி.டி.யில் ஸ்டென்டின் மிகக் குறுகிய இடம் 4.5 சதுர மில்லிமீற்றருக்கு மேல், அல்ட்ராசவுண்டு முறையான ஐவஸில் 5.5க்கு மேல் இருக்கவேண்டும் என்பது ஐரோப்பிய நிபுணர்களின் கணக்கு. ஓ.சி.டி.க்குக் கூடுதலாக எக்ஸ்ரே மருந்து செலவாகும். சீனி வருத்தத்தில் சிறுநீரகம் பழுதுபட்டிருந்தால் ஐவஸ் நல்லது. ஆகவே கிரியேட்டினின் இரத்தப் பரிசோதனை ரிப்போட்டைக் கையில் கொண்டுபோங்கள், மெட்போமின் என்ற சீனிக் குளிசை குடித்தால் அதையும் சொல்லுங்கள்.

உலோகமே வேண்டாம் என்ற உங்கள் மனதுக்கு இன்னொரு வழியும் சொல்லிவைக்கிறேன். மருந்து பூசிய பலூன் என்று ஒன்று உண்டு. எதையும் உள்ளே விட்டுவராது; 30 முதல் 60 செக்கன் ஊதி மருந்தைச் சுவரில் பூசிவிட்டு வெளியே வரும். பழைய ஸ்டென்டுக்குள் திரும்ப அடைத்த இடத்துக்கும் சிறிய குழாய்களுக்கும் அது நல்ல தெரிவு. 3 மில்லிமீற்றர் எல்.ஏ.டி.யில், கல்சியத்தோடு, முதல் முறைக்கு நான் அதை முன்வைக்கமாட்டேன். மக்னீசியத்தில் செய்த கரையும் ஸ்டென்டும் 2016இலிருந்து ஐரோப்பாவில் உண்டு. ஒரு வருடத்தில் கரைந்துவிடும், ஆனால் மென்மையான அடைப்புக்கே அது சரி. இந்தியாவில் 0.1 மில்லிமீற்றர் தடிப்புக்குக் குறைத்த பொலிமரும் வந்தது. கல்சியம் இவற்றுக்கும் எதிரிதான்.

காக்காவின் விசயம். அப்சோர்ப் கரைய ஏறத்தாழ மூன்று வருடம். லக்டிக் அமிலமாகி, பிறகு கரியமில வாயுவும் தண்ணீருமாக உடம்பு அதை வெளியேற்றிவிடும். பிளாட்டினம் மணிகள் மட்டும் அங்கே கிடக்கும்; அவற்றால் தீங்கில்லை. ஆபத்தான காலம் அந்த முதல் மூன்று வருடம்தான். அதற்குப் பின் உலோக ஸ்டென்டுக்கும் அதற்கும் இருந்த வித்தியாசம் மறைந்துவிட்டது. அவர் அதைத் தாண்டிவிட்டார். ஆனால் ‘கரைந்துவிட்டதே, இனி எதற்கு அஸ்பிரின்’ என்று சிலர் நிறுத்திவிடுகிறார்கள். ஸ்டென்ட் கரைந்தாலும் அடைப்பு வரும் உடம்பு கரையவில்லை. அஸ்பிரினும் கொலஸ்டரோல் குளிசையும் தொடரவேண்டும். எல்.டி.எல். என்ற கெட்ட கொலஸ்டரோல் 70க்குக் கீழே, முடிந்தால் 55க்குக் கீழே இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். உங்களுக்கும் அதே கணக்கு.

இனி நோன்பு. ஸ்டென்ட் வைத்த முதல் சில வாரம் நோன்பு பிடிக்கவேண்டாம். விட்டதைப் பிறகு கழாச் செய்யலாம். இரண்டு குளிசை ஒன்றாகக் கொடுப்பார்கள்: அஸ்பிரினும், அதோடு க்ளோபிடோகிரெல் 75 மில்லிகிராம் அல்லது டிகாக்ரெலோர் 90 மில்லிகிராம். மாரடைப்பு வராத உங்கள் நிலைக்குப் பெரும்பாலும் க்ளோபிடோகிரெல், ஆறு மாதம். அது ஒரு நாளைக்கு ஒன்று. நோன்பு திறந்து சாப்பிட்டபிறகு அஸ்பிரினோடு எடுக்கலாம். டிகாக்ரெலோர் தந்தால் அது இரண்டு வேளை. ஒன்று விடியுமுன் சஹருக்கு, மற்றது நோன்பு திறந்தபிறகு. நம் நாட்டு நோன்பு பதினான்கு மணித்தியாலத்தைத் தாண்டாது, ஆகவே இடைவெளி பிழைக்காது. வயிற்றெரிச்சலுக்கு கடையில் ஒமிப்ரசோல் வாங்கிக் குடிக்கவேண்டாம், அது க்ளோபிடோகிரெல்லின் வேலையைக் குறைக்கும். பன்டப்ரசோல் எழுதித் தரச் சொல்லுங்கள். சீனிக் குளிசையின் அளவையும் நேரத்தையும் கிளினிக்கில் மாற்றிக் கேளுங்கள். பல்லுப் பிடுங்குவதற்கோ வேறு எதற்கோ யாராவது அந்த இரண்டு குளிசையையும் நிறுத்தச் சொன்னால், உங்கள் இருதய வைத்தியரிடம் கேட்காமல் ஒரு நாள்கூட நிறுத்தாதீர்கள். முதல் மாதத்தில் நிறுத்துவது மிக மோசம்.

ஸ்டென்ட் பெட்டியில் அளவும் இலக்கமும் அச்சிட்ட ஒட்டி இருக்கும். அதைக் கிளினிக் கொப்பியில் ஒட்டித் தரச் சொல்லுங்கள். காக்காவிடமும் 2015இன் ஒட்டி இருந்தால் அவருடைய கொப்பிக்கு மாற்றுங்கள். அடுத்த முறை அவருக்கு அஞ்சியோகிராம் எடுப்பவர், படத்தில் தெரியும் அந்த மணிகள் என்ன என்று தடுமாறவேண்டியதில்லை. நாள் வருவதற்கு முன்பே, சும்மா இருக்கும்போது நெஞ்சு இறுக்கி, நாவுக்குக் கீழ் வைக்கும் குளிசைக்கும் ஐந்து நிமிடத்தில் விடாவிட்டால், மோட்டார் சைக்கிளில் புறப்படாமல் 1990 அம்புலன்ஸ் இலக்கத்துக்கு அழையுங்கள்.